மலை அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள்

வட ஆற்காட்டு மலைகளையும் காடுகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூரில் பாகாயம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் போய்விட்டது. இப்போது விளங்காத அந்தக் காலைத் தாங்க காலிபர் என்கிற கம்பிப் பட்டை, கையில் ஒரு ஊன்றுகோல், அப்புறம் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர். ஊரில் சைடு வீல் வண்டி என்பார்கள். அது அரசாங்கம் கொடுத்த வண்டி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வேலூர்க்காரனுக்கு மலை எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெயிலூர் என்றே பெயர் வாங்கிய ஊர். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்களைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். சாமி மட்டும் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பச்சை பார்க்க வேண்டுமென்றால் அமிர்திக்கோ, ஏலகிரிக்கோ, ஜவ்வாது மலைக்கோ போயாக வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கும் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றுகூட எங்கள் பக்கம் இல்லை. முதுமலையும் ஆனைமலையும் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். எங்களுக்கு வாய்த்த காடு இதுதான்.

போன வருடம் மழை முடிந்த கையோடு இந்தப் பக்கத்து அருவி ஒன்றுக்குப் போனோம். எந்த அருவி என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் அந்த வாசலில் நின்றிருந்த காவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெயர் போட்டால் பழி அவர் தலையில்தான் விழும். நான் என் ஸ்கூட்டரில் போனேன். நண்பர் ஒருவர் அவர் தம்பியோடு ஆட்டோவில் வந்தார். நண்பர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர், இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது, சக்கர நாற்காலிதான். மலைக்குப் போகிறோம் என்று முடிவானதும் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எங்கே கழிப்பறை இருக்கும், அதன் கதவுக்குள் நாற்காலி நுழையுமா என்று தெரியாதபோது, தெரிந்த ஒரே வழி அதுதான். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் டாக்டர்கள் அனுப்புகிறார்கள், இல்லையென்றால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். அவருக்கும் இது தெரியும். தெரிந்தும் நாக்கு வறள உட்கார்ந்து வந்தார், அருவியைப் பார்க்க.

வாசலில் ஒரு குறுக்குக் கம்பி, பக்கத்தில் மூன்று படியும், ஆள் மட்டும் வளைந்து வளைந்து நுழைகிற மாதிரி நட்ட குழாய்கள். பைக் உள்ளே போகாமல் இருக்க வைத்தது, நியாயம்தான். ஆனால் பைக்கைத் தடுக்கிற அந்தச் சந்து சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும் என்று அதை நட்டவருக்குத் தோன்றவில்லை. என் ஸ்கூட்டரைப் பார்த்த காவலர், வண்டி உள்ளே போகக் கூடாது சார் என்றார். இது வண்டி இல்லைங்க, என் கால் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், கம்பி மட்டும் தூக்கப்படவில்லை. மேலிடத்து உத்தரவாம். பாவம், தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குக் கொண்டுவந்து போட்டார்.

அதற்குள் நாலைந்து கல்லூரிப் பையன்கள் ஓடி வந்து, அண்ணா, நாங்க தூக்கிட்டுப் போறோம் என்று நண்பரின் நாற்காலியைப் பிடித்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உணர்வு இல்லாத உடம்பைத் தூக்கும்போது காலில் பாறை சிராய்த்தால் அவருக்கு வலிக்காது, வலிக்காததால் தெரியாது, ராத்திரி வீட்டில் பேண்ட்டைக் கழற்றும்போது ரத்தம் பார்த்துத்தான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு நடுவழியில் பாடம் எடுக்க முடியுமா? வேண்டாம் தம்பி என்று மட்டும் சொன்னார். திமிர் பிடித்தவர் என்று அவர்களில் ஒருவராவது நினைத்திருப்பார்.

சரி, கழிப்பறைக்காவது போகலாம் என்று பார்த்தால், இருந்தது. நிஜமாகவே இருந்தது. நீலத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை, சாய்தளம், அகலமான கதவு, கதவில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் மலையிறங்கிப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். துடைப்பங்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டை, கால் உடைந்த ஒரு மேஜை. அந்தச் சாய்தளமும் ஏறுவதற்கு இல்லை, லாரியில் பேரல் உருட்டி ஏற்றுகிற பலகை மாதிரி நின்றது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அங்கே மூன்றடி நீளம்கூட இல்லை. கொத்தனாருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இது காடு, பூங்கா இல்லை, மலை உச்சி வரை சிமென்ட் பாதை போட முடியுமா, வனச் சட்டம் விடுமா. ஐயா, சிமென்ட் பாதை கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை. அப்படிப் போட்டால் முதலில் எதிர்க்கிறவனே நானாகத்தான் இருப்பேன், நான் பார்க்க வருவதே காட்டைத்தானே. மலை செங்குத்தாக இருக்கிறது என்று மலையிடம் யாரும் சண்டை போடுவதில்லை. எங்களைத் தடுத்தது மலை இல்லை. வாசலில் இருந்து முதல் அரை கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதளம், பழைய மாட்டுவண்டித் தடம், இரண்டு பக்கமும் மரம். அங்கே எங்களைத் தடுத்தது ஒரு குழாய், மூன்று படி, ஒரு பூட்டு. மூன்றும் மனிதர்கள் வைத்தவை.

அமெரிக்காவில் ஒரு சங்கதி உண்டு. மோட்டார் வண்டியே நுழையக் கூடாத அடர்வனங்கள் என்று 1964-இல் சட்டம் போட்டார்கள். அப்புறம் 1990-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோது, அந்த வனங்களிலும் சக்கர நாற்காலி போகலாம், நடக்க முடியாதவர் வீட்டுக்குள்ளும் பயன்படுத்துகிற நாற்காலி என்றால் அதை வண்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். அதே பிரிவில், அதற்காகக் காட்டைத் திருத்திப் பாதை போட வேண்டிய கட்டாயமும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பாதியுமே சம்மதம். என் ஸ்கூட்டர் வீட்டுக்குள் ஓடாது, அது எனக்கும் தெரியும், அந்தச் சட்டப்படியே பார்த்தால் அது வண்டிதான். ஆனால் வாசலிலிருந்து அந்த மண் தடத்தில் அரை கிலோமீட்டர், நடை வேகத்தில், ஹாரன் அடிக்காமல் போய்வர ஒரு அனுமதி கொடுக்க முடியாதா? உங்கள் ஜீப் போகிற தடம்தானே அது.

நம் சட்டமும் வாயை மூடிக்கொண்டு இல்லை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவில் வெளிப்புற முகாம், சாகசச் செயல்பாடு என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற ஐந்து வருடம் கொடுத்தார்கள், அந்தக் கெடு 2022-லேயே முடிந்துபோனது. இதெல்லாம் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாய்தளம் கட்டுகிற காசு எப்படியும் செலவாகிறது, அது ஏறக்கூடிய சாய்தளமாக இருக்கட்டுமே என்றுதான்.

முடியாதது என்று ஒன்றும் இல்லை. மெரினா மணலில் சக்கர நாற்காலி போகாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 2022-இல் மரப்பலகையில் பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்தது, மறுபடி சரி செய்தார்கள். இங்கே பக்கத்திலேயே சோளிங்கர் மலைக் கோயிலில் 1,305 படி ஏற முடியாமல் அடிவாரத்தில் கும்பிட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர், 2024-இல் ரோப் கார் வந்தது. சாமிக்குச் செய்தோம், கடலுக்குச் செய்தோம், காட்டுக்கு ரோப் கார்கூட வேண்டாம், குழாயைக் கொஞ்சம் தள்ளி நட்டால் போதும்.

நாங்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த வேலூரில்தான். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியதும் அவர்தான். என் கடை வாசலில் தினமும் சக்கர நாற்காலிகள் போகின்றன. எங்கெங்கிருந்தோ வந்து மறுபடி வாழக் கற்றுக்கொண்டு போகிறவர்கள். அவர்களில் ஒருவராவது, இங்கே பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் கோட்டையைச் சொல்கிறேன். மலையைச் சொல்ல வாய் வருவதில்லை.

கண் தெரியாதவர்களுக்கு இதில் பாதித் தொல்லை இல்லை. செம்போத்து கூவுவதும், மழை பெய்த மண்வாசனையும், பலா பழுத்த வாசனையும் அவர்களுக்குப் போதும், கூட ஒரு ஆள் பொறுமையாக வந்தால் சரி. அந்த ஆளாக மலைக் கிராமத்து இளைஞர்களையே வைத்துக் கூலி கொடுக்கலாம், காடு அவர்களுக்குத்தான் தெரியும். காது கேளாதவர்களுக்கு எச்சரிக்கையெல்லாம் ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லாமல் எழுதியும் வையுங்கள், வெள்ளம் வரும்போது விசில் அடித்தால் அவர்களுக்குக் கேட்காது.

ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அல்லேரி மலையில் 2023-இல் பாம்பு கடித்த குழந்தையை நல்ல சாலை இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க முடியாமல் போனது ஊருக்கே தெரியும். அங்கே குடியிருக்கிறவர்களுக்கு வழி இல்லாதபோது சுற்றிப் பார்க்க வருகிற எனக்கு வழி கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களிலும் என்னைப் போல் கால் விளங்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை டோலி கட்டித் தூக்குகிறார்கள். வாசலில் மூன்று படியை எடுப்பதால் அவர்களுக்கு வர வேண்டிய சாலை எதுவும் குறையப் போவதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் நின்று பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்பே, ஜவ்வாது மலைக்குப் போளூரில் ஜமுனாமரத்தூர் பாதையில் திரும்புவதற்கு முன்பே, ஒரு பலகையில் உண்மையை எழுதி வையுங்கள். மேலே எத்தனை படி, கைப்பிடி உண்டா, வாசலிலிருந்து அருவி எத்தனை மீட்டர், அதில் எத்தனை மீட்டர் வரை சக்கரம் உருளும், கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், செல்போன் சிக்னல் எங்கே போய்விடும். உங்கள் இணையதளத்திலும் தமிழில் போடுங்கள். ‘அனைவரும் வரலாம்’ என்ற வாசகம் மட்டும் வேண்டாம், அதை நம்பித்தான் போன தடவை போனோம். அருவி வரை போக முடியாது என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, போகலாமா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். முடியாது என்பதை மலை மேல் ஏறி வந்து, பெட்ரோல் தீர்ந்து, தண்ணீர் குடிக்காத வாயோடு தெரிந்துகொள்வதுதான் தாங்கவில்லை.

இந்த வருடமும் மழைக்குப் பிறகு வருவோம், நானும் நண்பரும். அவர் வரும் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழாய், படி, பலகை எல்லாம் உங்களுக்குச் சௌகரியப்படும்போது பாருங்கள். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இந்த வாரமே கண்டுபிடித்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாகாயம் ஜெராக்ஸ் கடைக்காரன்