பொருள் தெரிந்து சொல், கண்ணம்மா

அன்புள்ள மீனா,

லலிதா சகஸ்ரநாமம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. "அர்த்தம் தெரியாவிட்டால் என்னப்பா, சொன்னாலே பலன்தானே?" என்று போன வாரம் கேட்டாயே, அதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அந்த சகஸ்ரநாமத்துக்கு சௌபாக்கிய பாஸ்கரம் என்ற உரை எழுதிய பாஸ்கரராயர் இன்னொரு நூலும் செய்திருக்கிறார். வரிவஸ்யா ரஹஸ்யம். 167 சுலோகங்கள், கூடவே 'பிரகாசம்' என்று அவரே எழுதிய உரை. சகஸ்ரநாம உரையைத் தெரிந்தவர்களில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. எனக்கு அது பெரிய குறை.

ஸ்ரீவித்யை என்கிற தேவி வழிபாட்டு மரபின் பதினைந்து எழுத்து மந்திரமான பஞ்சதசிதான் இதன் விஷயம். அதில் வரும் 'ஹ்ரீம்' என்பதைச் சொன்னபின் அந்த ஒலி எப்படித் தேய்ந்து அடங்குகிறது என்று கணக்கே போட்டுக் காட்டுகிறார், பார். ஒரு மாத்திரையை 256 லவங்களாகப் பிரிக்கிறார். ஒலி அடங்கும் படிகளில் முதலாவதான பிந்துவுக்கு 128 லவம், அர்த்தசந்திரனுக்கு 64, ரோதினிக்கு 32 என்று பாதி பாதியாகக் குறைந்து, சமனாவில் ஒரே ஒரு லவம். அதற்கும் மேலே உன்மனா, அங்கே காலமே கிடையாது. உச்சரிப்பை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், உச்சரிப்போடு நின்றுவிடவில்லை என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது.

பொருள் அறியாமல் வெறும் சப்தத்தை ஓதுகிறவனை, சந்தன மூட்டை சுமக்கும் கழுதை என்கிறார். கடுமையான பேச்சுதான். ஆனால் திட்டிவிட்டுப் போகவில்லை. அந்த மந்திரத்துக்குப் பதினைந்து விதமாகப் பொருள் சொல்கிறார். காயத்திரியின் பொருளே இதிலும் இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது கௌலிகார்த்தம்: தேவி, மந்திரம், ஸ்ரீசக்கரம், குரு, சொல்கிற நீ, எல்லாம் ஒன்று.

அவர் தக்காணத்தில் பிறந்தவர். சூரத்தில் சிவதத்த சுக்லரிடம் தீட்சை. தர்க்கம் சொல்லிக்கொடுத்த கங்காதர வாஜபேயி திருவாலங்காட்டில் இருந்ததால், பின்னாளில் காவிரிக் கரையில் பாஸ்கரராஜபுரத்தில் வந்து தங்கினார். மனைவி ஆனந்திக்கு அவரே தீட்சை கொடுத்தார். பெண்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று அங்கே யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேள். நூலில் படித்துவிட்டோம் என்று பஞ்சதசியை நீயாக ஜபிக்க ஆரம்பிக்காதே. அது குரு உபதேசத்தோடு வரவேண்டியது. சகஸ்ரநாமத்தை வழக்கம்போலச் சொல். தினம் ஒரே ஒரு நாமத்துக்குப் பொருள் பார், போதும். அடையாறு நூலகத்தார் போட்ட வரிவஸ்யா ரஹஸ்யப் பதிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. உன் சித்தப்பா அடுத்த மாதம் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒலிக்கணக்கு வரும் பகுதியைப் படி. புரியாத இடத்தைக் குறித்து வை, ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா