நாய் நக்கிய காயம்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

சின்னவன் சைக்கிளில் இருந்து விழுந்து முழங்கால் தேய்ந்ததையும், அதை உங்கள் நாய் நக்கிக்கொண்டிருந்ததையும், ‘நாயின் எச்சில் மருந்து, விடுங்கோ’ என்று பக்கத்து வீட்டு ஐயா தடுத்ததையும் எழுதியிருந்தாய். நக்க விடாதே. ஆனால் அந்த மனிசன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. உண்மை எதுவரை போகிறது என்று தெரிந்தால்தான் நீ அவருக்கும் பதில் சொல்லலாம்.

நாயின் எச்சிலில் லைசோசைம் என்றொரு புரதம் இருக்கிறது. 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விவரித்தது. பக்டீரியாவின் சுவரை உடைக்கும், எங்கள் கண்ணீரிலும் உண்டு. 1990இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நாயின் எச்சிலைக் கிருமிகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஈ. கோலையையும் நாய்களுக்கு வருகிற ஒருவகை ஸ்ட்ரெப்டோகொக்கசையும் அது கொன்றது. புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டஃபிலோகொக்கசிடம் அதன் பலம் பெரிதாக எடுபடவில்லை. கொன்ற இரண்டும் பிறந்த குட்டிகளைச் சாகடிக்கிற கிருமிகள். தாய் நாய் தன் முலையையும் குட்டிகளின் வயிற்றையும் ஓயாமல் நக்குவதற்கு அதில் ஒரு பயன் இருக்கிறது. எங்கள் காயத்தில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டஃபிலோகொக்கஸ்.

காயத்தை மூட உதவுகிற வளர்ச்சிக் காரணிகள் எச்சிலில் உண்டு என்பதும் சரி. அவற்றைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹெனுக்கும் ரீட்டா லெவி மொன்டால்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றை எடுத்தது எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து. மனிதரின் எச்சிலிலும் ஹிஸ்டாட்டின் என்றொரு பொருள் தோல் கலங்களை வேகமாக நகரச் செய்கிறது. சுத்திகரித்துப் பிரித்த பொருள் ஆய்வுகூடத் தட்டில் வேலை செய்வது வேறு, ஒரு விலங்கின் வாய் அப்படியே புண்ணில் படுவது வேறு. நாய் நக்கிய மனிதக் காயம் சீக்கிரம் ஆறும் என்று நிரூபித்த மருத்துவமனை ஆய்வு எதுவும் கிடையாது. கிரேக்க நாட்டு எபிடோரஸ் கோயிலில் நாய்கள் நக்கிப் புண் ஆறியதாகக் கல்வெட்டு உண்டு. அது பக்தி, வைத்தியக் கணக்கில் சேராது.

நாயின் சொந்தப் புண்ணைக்கூட அது நக்குவதை மிருக வைத்தியர்கள் விடுவதில்லை. நாக்கு சொரசொரப்பானது. அது புதிதாக வளர்கிற மெல்லிய தோலை உரித்துவிடும், தையலை இழுத்துவிடும். முன்காலில் ஒரே இடத்தை நாட்கணக்கில் நக்கி நக்கி மயிர் உதிர்ந்து, தடித்துச் சிவந்த புண்ணோடு திரியும் நாய்களை நீயும் பார்த்திருப்பாய். சத்திரசிகிச்சை முடிந்ததும் கழுத்தில் புனல் போன்ற பட்டி மாட்டுவது அதற்காகத்தான்.

இனி அந்த எச்சிலோடு கூட வருகிறவை. பாஸ்டரெல்லா என்ற கிருமி பெரும்பாலான நாய்களின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கிறது. அது காயத்தில் இறங்கினால் ஒரு நாளைக்குள், சில வேளை சில மணித்தியாலத்துக்குள்ளேயே, சுற்றிவரச் சிவந்து வீங்கி, தொட முடியாமல் நோகும். இவ்வளவு விரைவாகச் சிவந்தால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று இருக்கக்கூடாது. மற்றது கப்னோசைட்டோஃபாகா. இது அபூர்வம், மெதுவாக வரும். சில நாள் கழித்துக் காய்ச்சல், வாந்தி, தோலில் ஊதாப் புள்ளிகள், பிறகு இரத்தம் முழுக்க நஞ்சு. காயம் வெளியே ஆறினது போலவே தெரியும் என்பதால் நாயை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். ஜெர்மனியில் தன் சொந்த நாய் நக்கியதால், கடி எதுவும் இல்லாமல், 63 வயதுக்காரர் ஒருவர் இப்படி இறந்ததை 2019இல் வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். மண்ணீரல் எடுத்தவர்கள், ஸ்டீரொய்ட் குடிப்பவர்கள், அளவுக்கு மிஞ்சிக் குடிப்பவர்கள், புற்றுநோய் மருந்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

உன் மாமாவுக்குச் சலரோகம் (நீரிழிவு), காலில் ஆறாத புண் என்றாய். சலரோகக்காரரின் காலில் உணர்ச்சி குறைவு. தூங்கும்போது நாய் வந்து நக்கினாலும் அவருக்குத் தெரியாது. அவர் படுக்கிற அறையில் இரவில் நாயை விடவேண்டாம். புண்ணை மூடிக் கட்டி, மேலே சொக்ஸ் போட்டுவிடு. இதை மாமாவிடம் நேரே சொல்லிப் போடு, சங்கடப்படாதே.

சின்னவனின் விஷயத்தில் விசர் நோய் (ரேபிஸ்) பற்றிய பயம் பெரிதாக இல்லை. கனடாவில் நீங்கள் இருக்கிற ஒன்டாரியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு அந்த நோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். உங்கள் நாயின் ஊசி அட்டையை எடுத்து, திகதி கடந்துவிட்டதா என்று மட்டும் பார். முழங்காலைச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் விட்டுக் கழுவி, மண் துகளை ஈரத் துணியால் மெல்ல எடுத்துவிட்டு, ஒட்டாத கட்டுத் துணி வைத்து மூடு. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி அவனுக்கு ஒழுங்காகப் போட்டிருந்தால் போதும். இரண்டு நாளைக்குச் சிவப்பு பரவுகிறதா என்று பேனையால் ஓரத்தைக் கோடு போட்டுப் பார். கோட்டைத் தாண்டினால், அல்லது ஒரு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், டொக்டரிடம் போய் ‘நாய் நக்கியது’ என்று முதல் வார்த்தையாகச் சொல். சொல்லாவிட்டால் அவர் கேட்கவும் மாட்டார்.

ஆவணியில் பிள்ளைகளோடு இங்கே வரப்போகிறீர்கள். இங்கே கணக்கு வேறு. இலங்கையில் விசர் நோயைக் கொண்டு திரிவது முதன்மையாக நாய்தான். மீன் சந்தையடியிலும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையிலும் கட்டாக்காலி நாய்கள் சாதுவாக வந்து காலடியில் படுக்கும். புறாத்தீவில் முருகைக்கல் கீறிய காலோடு பிள்ளைகள் கரைக்குத் திரும்பி மணலில் இருக்க, ஒரு நாய் வந்து அந்தக் கீறலை நக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவின்படி அது மூன்றாம் வகை. ஆழமான கடிக்கும் அதே வகைதான். காயமில்லாத தோலில் நக்கினால் ஊசி தேவையில்லை, கழுவினால் போதும். உடைந்த தோல், உதடு, கண், வாய் என்றால் நிலைமை மாறிவிடும். தோல் உடைந்திருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வை, எரிந்தால் உடைந்திருக்கிறது.

விசர் நோய்க் கிருமி நாய்க்கு விசர் தெரிவதற்குச் சில நாட்கள் முந்தியே எச்சிலில் இறங்கிவிடும். அதனால் ‘நாய் நல்லாத்தானே இருந்தது’ என்பது ஆறுதல் இல்லை. புகுந்த கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக ஏறும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். குணம் குறி தெரிந்த பிறகு ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. மூளைக்குப் போக முன் உள்ள அந்தக் காலத்தில்தான் எல்லாம் செய்யவேண்டும்.

முதல் வேலை கழுவுவது. பைப்பை மிதமாகத் திறந்து, காயத்தை அதற்குக் கீழே பிடித்து, சவர்க்காரம் போட்டு நுரைத்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் பைப்பை மூடிவிடுவார்கள். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். வாளியில் காலை வைத்து ஊறப் போடாதே, ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். கடற்கரையில் என்றால் போத்தல் தண்ணீரைக் கொண்டாவது தொடங்கிவிட்டு வீட்டுக்கு ஓடிவா. கழுவின பிறகு பொவிடோன் அயோடின் பூசு. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், பற்பசை ஒன்றும் வைக்கவேண்டாம். அவை காயத்தை எரித்துக் கிருமியை உள்ளே மூடிவிடும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அடுத்தது, நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போ. அரச வைத்தியசாலையில் விசர் ஊசி இலவசம். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயே ஏற்றுகிற இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். எடைக்கு ஏற்ற அளவு, ஆகவே பிள்ளையின் எடையைச் சரியாகச் சொல். தடுப்பூசி வேலை செய்ய நாளெடுக்கும். அதுவரை காயத்திலேயே கிருமியைப் பிடிப்பது அந்த மருந்துதான். அட்டையில் எழுதிய ஒரு திகதியையும் தவறவிடாதே, கனடா திரும்பினாலும் மிச்சத்தை அங்கே முடிக்கவேண்டும். நாய் யாருடையது என்று கேட்டு வை, அதை அடித்துக் கொல்ல விடாதே. கட்டி வைத்துப் பதினான்கு நாள் பார்க்கலாம். செத்துப்போனால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அறிவிக்கவேண்டும், தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு (எம்.ஆர்.ஐ.) அனுப்பிப் பரிசோதிப்பார்கள்.

வருவதற்கு முந்தியே பிள்ளைகளுக்கு விசர் நோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டால் சுமை பாதி குறையும். முன்பே போட்டவருக்கு நாய் நக்கினாலும் கடித்தாலும் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஊசியும் இரண்டோடு முடியும். கழுவுவது மட்டும் அப்படியே இருக்கும். பயண மருத்துவக் கிளினிக்கில் இப்போதே நாள் குறித்து, புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் முதல் ஊசியைத் தொடங்கு. திகதி கிடைத்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா