டிஎன்ஏ தடுப்பூசியைக் கைவிட்டுவிடாதீர்கள்

தடுப்பூசி ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மரபணுத் தடுப்பூசி என்றாலே இப்போது எல்லோர் நினைவுக்கும் வருவது, புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குத் தரும் எம்ஆர்என்ஏதான். கொரோனா காலத்தில் அது செய்த வேலைக்கு அந்தப் பெயர் தகும். இந்த மடல் அதனுடன் கூடப் பிறந்த டிஎன்ஏவுக்காக.

1990-இல் எலியின் தசையில் வெறும் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டுமே அங்கே புரதத்தை உண்டாக்கின. கிருமியை உடம்புக்குள் விடவே வேண்டாம், அதன் ஒரு புரதத்துக்கான குறிப்பைக் கொடுத்தால் போதும், நம் செல்லே அதைச் செய்து நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டிவிடும் என்ற யோசனைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அப்புறம் மனிதர்களிடம் சோதித்தபோதுதான் சிக்கல். எலியைக் காத்தது மனிதரிடம் மந்தமாகவே வேலை செய்தது. எம்ஆர்என்ஏ செல்லுக்குள் நுழைந்தாலே போதும். டிஎன்ஏ செல்லின் மையமான உட்கருவரை போயாக வேண்டும். வழியிலேயே பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் காய்ச்சலுக்கான டிஎன்ஏ தடுப்பூசி 2005-லேயே வந்துவிட்டது. மனிதருக்கு முதலாவது, இந்தியாவின் கொரோனா தடுப்பூசியான ஜைகோவ்-டி, அவசர அனுமதி பெற்றது 2021 ஆகஸ்டில். அதையும் மூன்று தவணையாக, ஊசியில்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் பீய்ச்ச வேண்டியிருந்தது.

இவ்வளவு இழுபறிக்குப் பிறகும் அதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? ஃபைசரின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டது நினைவிருக்கும். ஜைகோவ்-டிக்கு 2 முதல் 8 டிகிரி போதும். டிஎன்ஏ எளிதில் சிதையாத மூலக்கூறு. அது நம் மரபணுவோடு கலந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. விலங்குச் சோதனைகளில் கவலைப்படும் அளவுக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் நீண்டகாலக் கண்காணிப்புக்குப் பணம் வையுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எம்ஆர்என்ஏவையும் ஒரு காலத்தில் உதவாது என்று ஒதுக்கினார்கள். 2005-இல் விஞ்ஞானிகள் காரிகோவும் வைஸ்மனும் அதன் குறிப்பில் உள்ள ஓர் எழுத்தின் (வேதிக் கூறின்) வடிவத்தைச் சற்று மாற்றி, உடம்பு அதை எதிரியாகப் பார்ப்பதைத் தணித்தார்கள். நோபல் பரிசு வந்தது 2023-இல். டிஎன்ஏவுக்குத் தடையாக இருப்பது உட்கருவுக்குப் போகும் வழி. ஆகவே இன்னொரு நோய்க்கு இன்னொரு டிஎன்ஏ என்று நிதி கேட்டு வருபவர்களைவிட, அதைச் செலுத்தும் முறையில் உழைப்பவர்களை முதலில் பாருங்கள். செலுத்தும் கருவியின் விலையையும் நிபந்தனையில் சேருங்கள். மருந்து வெயிலைத் தாங்கி வந்து சேர்ந்தாலும், கருவி வாங்க முடியாத இடத்தில் அது பெட்டியிலேயேதான் கிடக்கும்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்