எந்த மணி?

லேய் குமாரு,

நீ கோவமாத்தான் இருப்ப, எனக்கு தெரியும். அப்பா போன பெறவு நடந்த அடியந்திரத்துக்கு கோயமுத்தூர்லயிருந்து அவ்ளோ தூரம் வந்து, பந்தல்காரன்கிட்ட பேசுனதுலயிருந்து பாத்திரம் எண்ணி திருப்பிக் குடுத்த வரைக்கும் நீதான் நின்ன, அதுக்கப்புறம் நாலு மாசமா ஒனக்கு நான் ஒரு போன் கூட பண்ணல. மனசு சரியில்ல மக்கா. இங்க எல்லாரும் சுகம். கும்பப்பூ அறுப்பு முடிஞ்சுது, வைக்கோலும் வித்தாச்சு. அக்கா ஒன்ன கேட்டதா சொல்லச் சொன்னா. டெய்லர் மாமா இன்னும் அதே சைக்கிள், அதே பெல்லு. இனி விஷயத்துக்கு வாறேன், கொஞ்சம் நீளமா போகும், சாயா போட்டு வச்சுக்கிட்டு படி.

அப்பாவோட தகரப்பெட்டி ஞாபகம் இருக்கா, கட்டிலுக்கு கீழ, நாம தொட்டா அடி விழுமே, அதத்தான் போன மாசம் தொறந்தேன். உள்ள 47 கேசட். எல்லாத்துலயும் நீல மையில அப்பா கையெழுத்து, ஒரே வார்த்தை, "மணி". சிலதுல மட்டும் தேதி. வேற ஒண்ணுமே எழுதல. யாரு பாடுனா, யாரு வாசிச்சா, எந்த ஊரு, ஒண்ணும் கிடையாது. பூஞ்சை புடிச்சதெல்லாம் வெயில் படாம காய வச்சு, வடசேரியில பழைய டேப் ரெக்கார்டர் ஒண்ணு வாங்கி, பெல்ட் மாத்தி, ஒவ்வொண்ணா ஓடவிட்டு போன்ல ஏத்திட்டு இருக்கேன். ராத்திரி எல்லாரும் படுத்த பெறவுதான் இந்த வேலை.

மொதல்ல நெனச்சேன் எல்லாமே மதுரை மணி ஐயர்னு. அப்பா எப்ப பாரு அவரு பாட்டத்தானே முணுமுணுப்பாவ. மொத கேசட்டுல வந்ததும் ஜோன்புரி ராகத்துல "எப்ப வருவாரோ", கோபாலகிருஷ்ண பாரதி பாட்டு, அந்தக் குரலுக்கு லேபிள் வேண்டாம். ஸ்ருதியில அப்படியே ஒட்டி நிக்கும், ஸ்வரம் பாட ஆரம்பிச்சா மழைதான், ஆனா ஒரு எடத்துல கூட அவசரம் தெரியாது. கடைசியில முத்தையா பாகவதரோட இங்கிலீஷ் நோட்டு, அந்த பேண்டு மெட்டு. சின்ன வயசுல அதக் கேட்டு நீயும் நானும் லெப்ட் ரைட் போட்டு மார்ச் பண்ணுவோமே.

அஞ்சாவது கேசட்டுல பாடுறது வேற ஆளு. பாட்ட விட்டுட்டு மிருதங்கத்த மட்டும் கேட்டுப் பாத்தேன், அப்பத்தான் புரிஞ்சுது, இது பாலக்காட்டு மணி ஐயர். அதாவது அப்பா எழுதி வச்சது பாடகர் பேரு இல்ல, தான் யாருக்காக கேட்டாவளோ அந்த ஆளு பேரு. பாடுனது எவ்ளோ பெரிய வித்வானா இருந்தாலும் லேபிள்ல மணிதான். அப்பா கொஞ்ச காலம் மிருதங்கம் கத்துக்கிட்டாவன்னு ஒனக்கு தெரியுமா? எனக்கே அக்கா சொல்லித்தான் தெரியும். தாத்தா செத்ததும் வயலப் பாக்க ஆள் இல்லாம விட்டுட்டாவ. நான் எட்டாம் கிளாஸ்ல கத்துக்கணும்னு அழுதப்ப ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போனாவ, அது ஏன்னு இப்பத்தான் கொஞ்சம் புரியுது, அதப் பத்தி இதுக்கு மேல எழுத வரல.

அதோட நிக்கல. ஒரு கேசட்டுல பொம்பளை குரல்! நான் டேப் மாறிப் போச்சுன்னே நெனச்சேன், அக்காதான் கேட்டுட்டு இது மணி கிருஷ்ணசுவாமில்லான்னா, 1992-ல மெட்ராஸ் மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம் வாங்குனாங்களே அவங்க. ரெண்டு கேசட்டுல காரைக்குடி மணி, நம்ம காலத்து மிருதங்கக்காரரு, 2023 மே மாசம்தான் போய்ச் சேந்தாரு. அவரு வாசிப்புல கணக்கு எல்லாம் பளிச்சுனு வெளிய தெரியும். பாலக்காட்டாரு வேற மாதிரி, பாட்டுக்கு தேவையில்லன்னா கையைத் தூக்கிட்டு சும்மா இருப்பாரு, பெறவு எடக்கையால ஒரு கும்கி, அந்த உருளுற அடிநாதம், அவ்ளோதான், பாட்டே நிமிந்து ஒக்காரும். பிற்காலத்துல மைக்கே வேண்டாம்னு நின்ன மனுசன், அப்படிப்பட்டவரு நாதத்த நான் இந்த தேஞ்ச டேப்புல தேடிக்கிட்டு இருக்கேன். மிருதங்கக்காரங்கள்ல மொத மொத சங்கீத கலாநிதி ஆனது அவருதான், 1966-ல. மதுரை மணிக்கு அது 1959.

ஒண்ணு தெரியுமா, இந்த ரெண்டு பேரும் பொறந்தது ஒரே வருசம், 1912. பாலக்காட்டாரு ஜூன்ல, மதுரைக்காரரு அக்டோபர்ல. ரெண்டு பேருக்கும் மணிங்கிறது வீட்டுல வச்ச பேரும் இல்ல. மதுரை மணி சுப்பிரமணியம், பாலக்காட்டு மணி ராமசாமி. கூப்புட்டுக் கூப்புட்டே அதுவே பேராகி, முன்னால ஊரு பேரு மட்டும் இல்லன்னா நமக்கு ஆளே தெரியாது. அந்த ஊரு பேரத்தான் இப்ப பலரும் விட்டுட்டு வெறும் மணி ஐயர்னு போடுகான். போன வாரம் ஒரு குரூப்புல பாலக்காட்டாரு மிருதங்கத்தோட இருக்கிற போட்டோவுக்கு கீழ, மதுரை மணி ஐயர் நினைவுன்னு போட்டு நூறு பேரு கும்பிட்டிருக்கான். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒருத்தன் ஆயுசு முழுக்க ஒக்காந்து சாதகம் பண்ணது இன்னொருத்தன் கணக்குல போகலாமா? ரெண்டு பேரையும் ஒரே மேடையில கேக்குற கேசட் ஒண்ணும் பெட்டியில இருக்கு, அத மட்டும் நாலு தடவ கேட்டாச்சு, இவரு ஸ்வரத்த அவரு எப்படி தாங்கிப் புடிக்காருன்னு கேட்டா நீ அழுவ.

இப்ப முக்கியமான விஷயம். கேசட்டுக்கு அடியில அப்பாவோட 1968 டைரி. அதுல ஜூன் மாசத்துல எழுதியிருக்காவ, "ஒரே வாரத்தில் ரெண்டு மணி போச்சு." எனக்கு கை நடுங்கிப் போச்சு. தேதி பாத்தேன், சரிதான். நம்ம குமரிய தமிழ்நாட்டோட சேக்கப் போராடுன மார்ஷல் நேசமணி ஜூன் 1, மதுரை மணி ஐயர் ஜூன் 8. நான் பொறந்தது அடுத்த வருசம். எனக்கு பேரு மணி.

இவ்ளோ நாளா நம்ம தேரூர்க்காரரு கவிமணி ஞாபகமா வச்சதுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஸ்கூல்ல எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொன்னேன், நீயும் கேட்டிருக்க. தேசிகவிநாயகம் பிள்ளைக்கு அது 1940-ல கெடச்ச பட்டம். அவரு 1954-லயே போயாச்சு. டைரியப் பாத்த பெறவு கவிமணியா இருக்காதுன்னு தோணுது. அப்பன்னா யாரு? அப்பாவுக்கு நேசமணின்னா உயிரு. 1956 நவம்பர் 1-ம் தேதி நாம தமிழ்நாட்டோட சேந்த அன்னைக்கு பதினஞ்சு வயசுப் பையனா நாகர்கோவில் தெருவுல ராத்திரி பூரா சுத்துனத எத்தன தடவ சொல்லியிருக்காவ. பாட்டுன்னா மதுரை மணி. மிருதங்கம்னா பாலக்காட்டு மணி. மூணு பேருல யாரு பேர நான் சொமக்கேன்னு அப்பா இருந்தப்ப கேக்கத் தோணவே இல்ல மக்கா. அம்பத்தஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்துருக்கோம்.

இதத் தெரிஞ்ச ஆளு இப்ப ஒருத்தருதான், ஒங்க அப்பா. எனக்கு பேரு வைக்கும்போது பெரியப்பா கூட இருந்தாவ, சர்க்கரைத்தண்ணி தொட்டு வச்சதே அவியதான்னு அம்மா சொல்லுவா. அவியளுக்கு காது மந்தம்னு சொன்ன, பரவால்ல, காகிதத்துல பெருசா எழுதிக் காட்டு. பதில் எதுவா இருந்தாலும் சரி, அவிய சொன்ன வார்த்தையிலயே எழுதி அனுப்பு, நீ ஒண்ணும் சேக்காத, ஒனக்கு அந்த புத்தி உண்டு.

கூடவே ஒரு பைல் அனுப்புகேன். 1979 டிசம்பர் கேசட், ரேடியோ பக்கத்துல ரெக்கார்டர வச்சுப் புடிச்சது, அதனால வீட்டுச் சத்தம் எல்லாம் உள்ள இருக்கு. பதினாலாவது நிமிசத்துல நம்ம ரெண்டு பேரும் முத்தத்துல எதுக்கோ சண்டை போடுகோம், நீ "அவுட்டு அவுட்டு"ன்னு கத்துக, அப்பா மெதுவா "மணி, சத்தம் போடாத"ங்காவ. அதுக்குப் பின்னால ஒரு "பலே" கேக்கும். அது ஒங்க அப்பா. ஹெட்போன் வச்சு சவுண்டக் கூட்டி அவியளுக்குப் போட்டுக் காட்டு, பெறவு கேளு.

சித்திரையில வாறியா? பெட்டியில இன்னும் பத்தொம்பது கேசட் பாக்கி.

மணி