தம்பிக்கு: ப்ரன்ச் வரட்டும், அந்த ரெண்டு முட்டையை மட்டும் எடுத்துவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மெனுவை மூன்று தடவை படித்தேன். நீ வாங்கப்போகிற டைனரை, அதாவது கவுண்டர் வைத்த அந்த அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையை, விற்கிறவரோடு பேச்சு முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் மெனுவில் ஒரு இடம் என்னைத் தூங்கவிடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறிலிருந்து மதியம் மூன்று வரை ப்ரன்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு) மட்டும் என்று போட்டிருக்கிறாய். எக்ஸ் பெனடிக்ட் (ரொட்டிமேல் வெந்நீரில் வேகவைத்த முட்டையும் சாஸும்) நாலு வகை, அவகாடோ டோஸ்ட், பெர்ரி குவித்த ஃபிரெஞ்ச் டோஸ்ட் எல்லாம் இருக்கிறது. 'டூ எக்ஸ் எனி ஸ்டைல்' என்கிற வரியைக் காணோம். கேட்கிற விதத்தில் சமைத்த இரண்டு முட்டை, ஹோம் ஃப்ரைஸ் என்கிற வதக்கிய உருளைக்கிழங்கு, டோஸ்ட். அவ்வளவுதான் அந்தத் தட்டு. அதை ஏன் எடுத்தாய்?

போனில் பேசினால் பேச்சு லோன், வக்கீல் என்று வேறெங்காவது போய்விடும். அதோடு, நியூ ஜெர்சியில் நம்மவர்கள் இன்னும் சிலர் டைனர் வாங்கும் யோசனையில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

வேலை பெர்மிட் வந்த பிறகு நான் ஒரு குடும்ப டைனரில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன் இல்லையா, முதல் வருஷம் மேசைகளைப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் இரண்டு வருஷம் கிரிடில் என்கிற பெரிய சமையல் கல்லின் முன்னால் நின்றேன். அங்கே நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு பெரியவர் வருவார். கவுண்டரில், கதவிலிருந்து மூன்றாவது ஸ்டூல். இரண்டு முட்டை ஓவர் மீடியம் (புரட்டிப்போட்டு, மஞ்சள் கரு பாதி இறுகியது), வெண்ணெய் தடவாத ரை டோஸ்ட், ஹோம் ஃப்ரைஸ் நன்றாக முறுகலாக. திங்கள் முதல் சனி வரை ஒரு நாள் மாறாது. அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே நான் ரை பிரெட்டை டோஸ்டரில் போட்டுவிடுவேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், நாளைக்குப் பனி விழுமா, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஒரு வசந்த காலத்தில் கடைக்காரர் சனிக்கிழமையை முழுக்க ப்ரன்ச் என்று மாற்றினார். புது கார்டு, தடித்த காகிதம், அழகான எழுத்து. அந்த முதல் சனிக்கிழமை பெரியவரிடம் கார்டை நீட்டியது நான்தான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கமும் படித்தார். "சாதா முட்டை கிடையாதா?" என்று கேட்டார். பெனடிக்ட்டில் முட்டை இருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு காபி மட்டும் கேட்டார். குடித்தார், சாஸருக்கு அடியில் இரண்டு டாலர் வைத்தார், போய்விட்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று வாரம் வார நாட்களில் மட்டும் வந்தார், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சனிக்கிழமைக்காக இன்னொரு இடம் தேடியிருக்கிறார். அங்கே அவருக்கு ஒரு ஸ்டூல் பழகிவிட்டது, மற்ற நாட்களும் அங்கேயே போகத் தொடங்கிவிட்டார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருகிற நர்ஸ்கள், பத்து மணிக்குள் கடை திறக்கவேண்டிய முடிவெட்டுகிறவர் என்று இன்னும் பலர் இப்படியே போனார்கள். சனிக்கிழமை பத்தரையிலிருந்து ஒன்று வரை வாசலில் வரிசை நின்றது உண்மை. ஆனால் ஆறிலிருந்து பத்து வரை காலி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஆறு மாசம் கழித்து கடைக்காரர் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார். போனவர்கள் வரவில்லை. வாரக் கடைசியில் கை வைத்தால் வாரம் முழுக்க அடி விழும் என்று நான் பயப்படுவது இதைப் பார்த்ததால்தான்.

டைனர் என்பதே யாருக்காகப் பிறந்தது என்று பார். 1872இல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரை வண்டியைச் செய்தித்தாள் அலுவலகத்துக்கு வெளியே நிறுத்திச் சாப்பாடு விற்றார். மற்ற கடைகள் மூடிய பிறகு இரவில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதுதான் சாப்பாட்டுக் கடை. பின்னால் ஜெர்ரி ஓமஹோனியின் நிறுவனம் நம் நியூ ஜெர்சியில் தொழிற்சாலை வைத்து, டைனர்களை முழுசாகக் கட்டி அப்படியே ஊர் ஊராக அனுப்பியது. நீ வாங்கப்போகிற கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒற்றை வரிசை ஸ்டூலோடு இருப்பது அந்த வழியில் வந்ததுதான். தனியாக வருகிற ஒருத்தர் உட்கார்ந்து, தன் முட்டை வேகுவதைக் கண்ணால் பார்த்து, பதினைந்து நிமிஷத்தில் எழுந்து போவதற்கு ஏற்ற அமைப்பு அது.

ப்ரன்ச்சின் பிறப்பு வேறு. 1895இல் இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அந்தச் சொல்லை முன்வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து, நிதானமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுவதற்கான சாப்பாடு என்பதுதான் அவர் வாதம். நல்ல விஷயம்தான், நான் எதிரி இல்லை. பிள்ளைகளோடு வருகிற குடும்பம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடட்டும். பத்து மணிக்கு மேல் ப்ரன்ச் கார்டைக் கொடு. காலைச் சாப்பாட்டு மெனுவும் அதோடு கூடவே மூன்று மணி வரை இருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவே.

முட்டை விலைதான் காரணம் என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பறவைக் காய்ச்சலால் கோழிகள் கோடிக்கணக்கில் போனபோது, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி சில்லறை விலை 6.23 டாலர் வரை ஏறியது. அந்த உச்சத்திலும் தட்டில் இருக்கிற இரண்டு முட்டைக்கு ஒரு டாலர் நாலு சென்ட்தான் ஆகிறது. கூட வருகிற உருளைக்கிழங்கும் டோஸ்டும் சில்லறைக் காசு. அவகாடோ ஒன்று கறுத்துப்போனால் ஆகிற நஷ்டத்தை நினைத்துப் பார்.

சரி, கிரிடிலுக்கு வருவோம். தோசைக்கல்லில் பழகிய கை உனக்கு இருக்கிறது, அது பாதி வேலை. ஆனால் இந்தக் கல் முழுக்க ஒரே சூட்டில் இருக்கக்கூடாது. பான்கேக்குக்கு 375 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். அந்தச் சூட்டில் முட்டையை ஊற்றினால் வெள்ளைக்கரு ஓரமெல்லாம் பழுப்பாகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். முட்டைக்கு 300 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். ஒரு பக்கத்து பர்னரைக் குறைத்து வைத்து, அந்த இடத்தை முட்டைக்கென்றே ஒதுக்கு.

முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டாதே, சமமான இடத்தில் தட்டு. ஓட்டுத் துணுக்கு உள்ளே போகாது, மஞ்சள் கருவும் கிழியாது. ஊற்றியபின் மஞ்சள் கருவைச் சுற்றி கண்ணாடி மாதிரி ஒரு வளையம் நிற்கும். அது வெளுக்கும்வரை கை வைக்காதே. வெளுத்ததும் கரண்டியை மஞ்சள் கருவுக்கு நேர் கீழே கொண்டுபோய், மணிக்கட்டை மட்டும் சாய்த்துப் புரட்டு. உயரத் தூக்கினால் உடையும். மஞ்சள் கரு ஓடுகிற ஓவர் ஈஸிக்குப் பத்து வினாடி. ஓவர் மீடியத்துக்கு அரை நிமிஷம் ஆகும். நடுவில் கரண்டியின் முதுகால் லேசாகத் தொட்டுப் பார்த்தால், முன்னே தளும்பியது இப்போது மெதுவாக அமுங்கி எழும். அந்த எழும்பலைக் கை பிடித்துக்கொள்ள எனக்கு நாலு மாசம் ஆனது. பெரியவருக்கு நான் வைத்த முட்டைகளில் முதலில் சரியாக வந்ததை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். டோஸ்டால் கீறினார், மஞ்சள் கரு ஓடாமல் தேன் மாதிரி மெதுவாக இறங்கியது, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் உணவு விதிகளில், கேட்டவுடன் சமைத்துக் கொடுக்கிற முட்டை 145 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 வினாடி இருக்கவேண்டும். அதற்குக் குறைவாக, மஞ்சள் கரு ஓடும்படி கொடுப்பதானால் மெனுவில் நட்சத்திரக் குறி போட்டு எச்சரிக்கை அச்சிடவேண்டும். உன் மெனுவில் அது இல்லை, சேர்த்துவிடு.

ஹோம் ஃப்ரைஸுக்கு உருளைக்கிழங்கை முந்தின நாளே வேகவைத்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வை. ஆறிய கிழங்கின் மாவு இறுகியிருக்கும், வெட்டினால் துண்டு நிற்கும், கல்லில் போட்டால் குழையாமல் முறுகும். அன்றைக்கே வேகவைத்துப் போட்டால் மசியல்தான் கிடைக்கும். நம் ஆட்கள் வருவார்கள் என்பதால் இன்னொன்று: பேகன் என்கிற பன்றிக்கறியின் கொழுப்பில் கிழங்கை வதக்காதே, எண்ணெயில் வதக்கு. சைவம் சாப்பிடுகிறவர் கேட்டால் உன் ஆட்கள் உண்மையான பதில் சொல்லவேண்டும். கல்லின் ஒரு மூலையைக் கறி படாமல் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் முடியாது என்றே சொல்லச் சொல்.

பான்கேக் மாவைக் கட்டி இல்லாமல் கலக்கவேண்டும் என்று உனக்குக் கை துறுதுறுக்கும். கலக்காதே. அதிகம் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை ஏறிப் பான்கேக் இழுபடும். பட்டர்மில்க்கின் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் உப்பலைத் தருகின்றன, அந்தக் குமிழிகள் நிற்கட்டும். மேலே வருகிற குமிழி உடைந்து ஓட்டை மூடாமல் நின்றால் திருப்பு, திருப்பியபின் அழுத்தாதே.

நியூ ஜெர்சியில் கடை வைத்துவிட்டு டெய்லர் ஹாமை மறக்கமுடியாது. 1856இல் டிரென்டனில் ஜான் டெய்லர் தொடங்கி வைத்த பன்றிக்கறி வகை அது. வடக்கே டெய்லர் ஹாம் என்பார்கள், தெற்கே போர்க் ரோல் என்பார்கள், இரண்டு பெயருக்கும் தலையாட்டு. வில்லையைக் கல்லில் போடுமுன் ஓரத்தில் நாலு இடத்தில் கத்தியால் கீறவேண்டும், இல்லையென்றால் நடுவில் குமிழ்ந்து கிண்ணம் மாதிரி சுருண்டுவிடும். முட்டை, சீஸோடு ரோலில் வைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடு. வேலைக்கு ஓடுகிறவர்கள் இதற்காகவே வண்டியை நிறுத்துவார்கள். இதையும் உன் சனிக்கிழமை மெனுவில் காணோமே தம்பி.

நாலு வகை பெனடிக்ட் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. ஹாலண்டேஸ் சாஸ் மஞ்சள் கருவும் வெண்ணெயும். சூடு ஏறினால் திரிந்துவிடும், இறங்கினால் இறுகிவிடும். அதை வைத்திருக்கிற வெதுவெதுப்பு கிருமிகளுக்கும் பிடித்த வெதுவெதுப்பு. செய்யத்தான் வேண்டும் என்றால் பாஸ்டரைஸ் செய்த மஞ்சள் கருவை வாங்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய், மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டு. ஒரு வகை போதும். ஒரே சமையல்காரர் நாலு வகை பெனடிக்ட்டும் மற்ற ஆர்டர்களும் பார்த்தால் வெந்நீரில் வேகவைத்த முட்டை தண்ணீர் வடிய வடியத் தட்டுக்குப் போகும்.

மிமோசா (ஆரஞ்சு ஜூஸோடு ஷாம்பெயின் கலந்த பானம்) விற்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடு. இந்த மாநிலத்தில் உட்கார்ந்து குடிக்கிற இடங்களுக்கான மது லைசென்ஸ் ஊரின் மக்கள்தொகையில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான். பெரும்பாலும் யாராவது விற்றால்தான் கிடைக்கும், விலையும் கடையின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மேசை பார்க்கிறவர்களையும் நினைத்துக்கொள். டிப் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ரொக்கச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து மாறவே இல்லை. நியூ ஜெர்சியில் 2025இல் அது 5.62 டாலராக இருந்தது, டிப்பையும் சேர்த்து மொத்தம் 15.49 டாலருக்குக் குறைந்தால் மீதியை முதலாளி தரவேண்டியிருந்தது. ப்ரன்ச்சில் பில் பெரிது, டிப்பும் பெரிது என்று நீ சொல்வாய். நான் நின்று பார்த்தவள். ப்ரன்ச் மேசை ஒன்றரை மணி நேரம் நகராது. அதே நேரத்தில் கவுண்டரில் ஒரு ஸ்டூலில் நாலு பேர் வந்து போவார்கள், ஆளுக்கு இரண்டு டாலர் வைத்துவிட்டு. அந்த நாலு பேரும் செவ்வாய்க்கிழமையும் வருவார்கள்.

மசாலா தோசையைச் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். சேர், ஆனால் முதல் வருஷம் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் உன் முட்டையை நம்பட்டும், அப்புறம் நீ எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போடுமுன் எனக்காக ஒன்று செய். சனிக்கிழமை கூட்டத்தைப் பார்த்துத்தான் நீ இந்த மெனுவைப் போட்டாய் என்று நினைக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குப் போ. கவுண்டரில் கடைசி ஸ்டூலில் உட்கார். ஒன்பது மணி வரை யார் யார் வருகிறார்கள், கார்டைத் திறக்காமலே எத்தனை பேர் ஆர்டர் சொல்கிறார்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள். அதே வாரம் சனிக்கிழமையும் அதே நேரத்துக்குப் போய், அதே முகங்கள் எத்தனை என்று பார். இரண்டு தாளையும் எனக்கு அனுப்பு, அப்புறம் மெனுவைப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா