வரலாறு படிக்கப்போகும் மருமகளுக்கு

பாப்பா,

வரலாறுதான் படிப்பேன், அப்புறம் டிவியில் நிகழ்ச்சி செய்வேன் என்று நீ சொன்னதிலிருந்து அக்கா எனக்கு நாளுக்கு இரண்டு போன் போடுகிறாள். "நீதான் ஏத்திவிட்டே" என்கிறாள். பாதி உண்மை. மைக்கேல் வுட் நிகழ்ச்சிகளை உனக்குக் காட்டியது நான்தானே.

அவர் 1948இல் மான்செஸ்டரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, முனைவர் பட்டம் வாங்காமலே தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். (இதை அக்காவிடம் சொல்லாதே.) ட்ராய், அலெக்சாண்டர் போன பாதை, இந்தியா, சீனா என்று எடுத்துத் தள்ளினார். எழுதுவதையும் விடவில்லை, தமிழ்நாட்டில் சுற்றியதைப் பற்றியே 1995இல் ஒரு புத்தகம். மான்செஸ்டரில் பேராசிரியர் பதவி 2013இல்தான் வந்தது.

எனக்குப் பிடித்தது 2010இல் வந்த தொடர். கிப்வர்த் என்ற ஒரே ஊரை வைத்து இங்கிலாந்து வரலாறு முழுவதையும் சொன்னார். ஊர்க்காரர்களே வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி ஓட்டாஞ்சில்லு பொறுக்கினார்கள். அதைவிட, அங்கே நிறைய நிலம் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி கைக்கு வந்துவிட்டது. குடியானவர்களின் குத்தகைக் கணக்கைக் கல்லூரி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது. அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

நம் தோட்டத்திலும் கணக்கு இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட வருடம், ஆபீஸைக் காலி செய்தவர்கள் செக்ரோல் என்ற ஆள் வருகைப் புத்தகங்களை ஸ்டோருக்குப் பின்னால் கொட்டிக் கொளுத்தினார்கள். நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளை மட்டும் காலால் தள்ளி எடுத்தேன். ஓரம் கருகியிருந்தது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு, கடைசியில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. உன் பாட்டி பெயர் இருக்குமா என்று தேடினேன், இல்லை.

பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் என்றால் பாடப்புத்தகத்துக்கு ஒரே நாள்: 1948 ஜூன் 16, மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. அன்று தொழிலாளிகள் குடியிருந்த லயத்தில் அடுப்பு எரிந்ததா? பாட்டிக்கு அப்போது 9 வயது. அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

சனிக்கிழமை வா. காலையில் கோப்பி குடித்த கையோடு நன்றாகப் பேசுவார், 11 மணிக்கு மேல் தூங்கிவிடுவார். கேமரா வேண்டாம். கைப்பேசியில் ரெக்கார்டிங்கைப் போட்டு மேசையில் கவிழ்த்து வை. பார்த்துவிட்டால் சேலையைச் சரிசெய்துகொண்டு, "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

மாமா