கரண்ட் பில்லில் கட்சி தேடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்துபவர்களுக்கும், அதை வண்ண வரைபடமாகப் போடுபவர்களுக்கும்,

வணக்கம். மின்செலவு கூடுதலான மாநிலங்களையும் அங்கே ஜெயிக்கும் கட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, பில்லுக்கும் ஓட்டுக்கும் தொடர்பு இருக்கிறது!" என்கிறீர்கள். எந்தச் செலவு? யூனிட் விலையா, மாதக் கடைசியில் வரும் பில்லா?

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். யூனிட் விலை மிக அதிகம் ஹவாயில். அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த லூசியானாவில் யூனிட் மலிவு. ஆனால் ஒரு வீடு இழுக்கும் மின்சாரத்தில் லூசியானா முன்வரிசை. கோடை முழுக்க ஏசி, குளிருக்கும் பல வீடுகளில் மின்சார ஹீட்டர். விலையை வைத்துப் படம் போட்டால் ஒரு கட்சிக்குக் கெட்ட பெயர், பயன்பாட்டை வைத்துப் போட்டால் இன்னொன்றுக்கு. ஹவாய் ஒரு தீவுக்கூட்டம், எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியாது.

சரி, மாநிலக் கணக்கு சரியாகவே இருந்தாலும், அதை ஒரு வீட்டின் மேல் ஏற்றலாமா? இதற்கு 1950-லேயே சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் பதில் சொல்லிவிட்டார். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆளாளாகப் பார்த்தாலோ, அவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு. படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் வரைவதும் அதே வகைப் படம்தான்.

பில்லுக்கு அரசியலே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2013 பிப்ரவரியில் மின்கட்டணப் போராட்டம் முற்றி பல்கேரியப் பிரதமர் போரிசோவ் பதவி விலகினார். 2018-இல் பிரான்சில் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராக மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அதில் இடதும் இருந்தது, வலதும் இருந்தது. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்களில் இருந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். அந்தக் கோபத்தை எந்த நிறத்தில் தீட்டுவீர்கள்?

அப்புறம், காரணம் எதிர்த்திசையிலும் ஓடும். அமெரிக்காவில் அதிபர் மாறியதும் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற அபிப்பிராயத்தை இரு கட்சி ஆதரவாளர்களும் உடனே மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டுச் செலவு அந்த வேகத்தில் மாறுவதில்லை. தன் கட்சி ஆட்சியில் இருந்தால் அதே பில் கொஞ்சம் தாங்கக்கூடியதாகத் தெரியும் போல!

ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிலைக்கட்டணம், யூனிட் கணக்கு, வரி, பழைய பாக்கி. எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் நிலைக்கட்டணம் வந்தே தீரும். சின்ன வருமானத்தில் அது பெரிய பங்கு. வாடகைக்கு இருப்பவர் பில் கட்டுவார், கூரையில் சோலார் போட முடியாது.

ஆகவே அடுத்த படிவத்தில் "செலவு கூடியதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், வருமானத்தில் பில் எத்தனை பங்கு, வீடு சொந்தமா வாடகையா என்றும் கேளுங்கள். முடிந்தால் பில்லையே காட்டச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளைக் கட்சிக் கேள்விக்கு முன்னால் வையுங்கள். கட்சியைச் சொன்ன பிறகு கேட்டால், பில்லைப் பற்றியும் கட்சிக்காரராகவே பதில் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒரு வாக்காளர்